நிறம் மாறிய மந்திரவாதி

1968ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் இயங்கிய பர்னாசஸ் பிரெஸ் என்னும் சிறு பதிப்பகம் 'அ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' என்ற மிகுபுனைவு நாவலை வெளியிட்டது. எழுதியவர் உர்சுலா லெ குவின். தீவுக் கூட்டங்களாலான ஒரு கற்பனை உலகில், கெட் என்னும் சிற்றூர்ச் சிறுவன் மந்திரக் கலை கற்று, தன் கர்வத்தால் தானே ஏவிவிட்ட நிழலை எதிர்கொள்வதே கதை. கெட்டின் மேனி செம்பழுப்பு. அவனுடைய உற்ற நண்பன் வெட்ச் கருநிறத்தவன். வெண்ணிறத் தோலும் பொன்னிறக் கூந்தலும் உடையவர்கள், கிழக்கிலிருந்து கப்பலேறி வந்து ஊர்களைக் கொளுத்தும் கார்க் இனத்தார்.

இந்த நிற அமைப்பு தற்செயலானதன்று. ஆங்கில மிகுபுனைவு அதுவரை பெரும்பாலும் வட ஐரோப்பியத் தொன்மங்களிலிருந்தே தன் உலகை எடுத்துக்கொண்டிருந்தது. நாயகன் வெள்ளையன் என்பதை அங்கே யாரும் எழுத வேண்டியதில்லை. எழுதாமல் விட்டாலே வாசகர் மனம் அப்படித்தான் நிரப்பிக்கொள்ளும். லெ குவின் அந்தப் பழக்கத்தையே கருவியாக்கினார். முதல் அத்தியாயத்தில் தோல் நிறம் சுட்டப்படுபவர்கள் படையெடுத்து வரும் கார்க் இனத்தார்தாம். கெட்டின் நிறமோ, அவன் ரோக் தீவின் மந்திரப் பள்ளியை அடைந்த பிறகு, வெட்சின் தோற்றத்தை விவரிக்கும் வாக்கியத்தில் ஒப்பீடாக மட்டும் வந்து போகிறது. மொழியியலில் ஒரு பொது உண்மை உண்டு: இயல்பெனக் கருதப்படுவதற்கு அடைமொழி தேவைப்படாது, விலகலுக்கே தேவைப்படும். எர்த்ஸீயில் அடைமொழி பெறும் நிறம் வெள்ளை. வாசகர் தம்மை நாயகனோடு பிணைத்துக்கொண்ட பிறகே அவன் நிறத்தை அறிகிறார்.

எழுத்து காத்த இந்த நுட்பத்தைப் படம் காக்கவில்லை. முதல் பதிப்புக்கு ரூத் ராபின்ஸ் வரைந்த அட்டையில் கெட் செம்புநிறத்தவனாகவே இருந்தான். பின்வந்த பல பதிப்புகளின் அட்டைகளில் அவன் வெளுத்துப் போனான். கருநிற முகம் அட்டையில் இருந்தால் நூல் விற்காது என்ற நம்பிக்கை பதிப்புத் தொழிலில் வேரூன்றியிருந்தது. லெ குவின் ஆண்டுக்கணக்கில் இதனோடு வாதாடினார்.

2004 டிசம்பரில் அமெரிக்காவின் சை-ஃபை அலைவரிசை 'லெஜண்ட் ஆஃப் எர்த்ஸீ' என்ற குறுந்தொடரை இரு பகுதிகளாக ஒளிபரப்பியது. கெட்டாக நடித்தவர் ஷான் ஆஷ்மோர் என்னும் வெள்ளை நடிகர். வெட்சும் வெள்ளையனாகியிருந்தான். முதன்மைப் பாத்திரங்களில் கருநிறத்தோடு எஞ்சியவர், டேனி குளோவர் ஏற்ற குரு ஓகியன் மட்டுமே. விந்தை என்னவென்றால், மூலத்தில் வெண்ணிறப் பெண்ணான டெனார் வேடம், தாய்வழியில் சீன மரபினரான கிறிஸ்டின் குரூக்குக்குக் கிடைத்தது. மூலத்தின் நிற அமைப்பு மறுக்கப்படக்கூட இல்லை. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதே புலனாகிறது.

பெயருக்கும் இதே கதி நேர்ந்தது. எர்த்ஸீயில் ஒவ்வொருவருக்கும் இரு பெயர்கள்: ஊர் அழைக்கும் பெயர் ஒன்று, உயிருக்கு நிகராக மறைத்துவைக்கும் மெய்ப்பெயர் மற்றொன்று. நாயகனை ஊரார் ஸ்பாரோஹாக் என்பர்; கெட் என்பது மறைபெயர். தொடரில் இவ்விரண்டும் இடம் மாறின. மெய்ப்பெயரை அறிந்தவன் அப்பெயருக்குரியவனையே ஆள்வான் என்பது அவ்வுலகின் அடிப்படை விதி. நிறத்தைப் போலவே பெயரும் மேற்பூச்சாகக் கருதப்பட்டதால் அவ்விதி பொருளிழந்தது.

திரைப்பட உரிமையை விற்றபோது ஒப்பந்தம் லெ குவினுக்கு ஆலோசகர் என்ற பட்டத்தை அளித்தது. முடிவெடுக்கும் அதிகாரத்தை அளிக்கவில்லை. தொடர் வெளியானதும் 'ஸ்லேட்' இதழில் அவர் கண்டனக் கட்டுரை எழுதினார். எர்த்ஸீயின் மாந்தருடைய நிறம் தாம் தொடக்கத்திலேயே எண்ணித் தேர்ந்தது என்பதை அதில் தெளிவுபடுத்தினார். மிகுபுனைவில் தங்களுக்கும் இடமுண்டு என்பதை இந்நூலில்தான் முதன்முதலாக உணர்ந்ததாக, வெள்ளையரல்லாத வாசகர்கள் பலர் அவருக்கு எழுதியிருந்தனர். திரையில் பறிபோனது அந்த இடமே.

2006இல் ஜப்பானின் ஸ்டுடியோ ஜிப்லி, கோரோ மியாசாகியின் இயக்கத்தில் எர்த்ஸீ கதைகளை அசைபடமாக்கியது. அதைப் பற்றி எழுதிய லெ குவின் இன்னொரு சிக்கலைச் சுட்டினார். அமெரிக்க, ஐரோப்பியக் கண்களுக்கு வெள்ளையராகத் தோன்றும் ஜப்பானிய அசைபட மாந்தரை ஜப்பானியர் அவ்வாறு காண்பதில்லை என்று தமக்குச் சொல்லப்பட்டதாகக் குறிப்பிட்டார். அப்படியாயின், இயல்பு எது என்பதைத் தீர்மானிப்பதில் தீட்டிய வண்ணத்தைப் போலவே காண்பவரின் பழக்கத்துக்கும் பங்குண்டு.

லெ குவின் 2018 ஜனவரியில் மறைந்தார். நாவலின் ஐம்பதாம் ஆண்டான அதே 2018இல், எர்த்ஸீ கதைகள் அனைத்தையும் திரட்டிய பெருந்தொகுப்பு வெளிவந்தது. அதற்கு ஓவியம் தீட்டியவர் சார்லஸ் வெஸ். அவ்வோவியங்களுக்காக லெ குவின் தம் இறுதி ஆண்டுகளில் அவரோடு விரிவாகக் கலந்துரையாடியிருந்தார். அத்தொகுப்பின் பக்கங்களில் கெட் மீண்டும் செம்பழுப்பு மேனியோடு நிற்கிறான். அந்த நிறத்தைச் சொற்களில் எழுதி முடிக்க லெ குவினுக்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அதைப் படத்தில் மீட்க அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.