66 கூப்பனும் ஒரு கிராஸ் பட்டையும்

1941 ஜூன் 1. பிரிட்டன்ல துணிக்கு ரேஷன் வந்த நாள். முதல் வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி கவுனுக்கே 11 போயிடும். கழுத்து ஓரம் நைஞ்சா தூக்கிப் போடவா முடியும்? மிச்சத் துணியை 45 டிகிரியில் பட்டையா வெட்டி, ஓரத்தைச் சுற்றித் தைச்சா இன்னும் கொஞ்ச நாள் ஓடும். 1943-ல் அரசாங்கமே பழசைச் சரிபண்ண ‘மேக் டூ அண்ட் மெண்ட்’னு கையேடு போட்டது.

ஏன் 45? பாவு, ஊடை வாட்டத்தில் இழுத்தா துணி அசையாது. மூலைவாட்டத்தில் நெகிழும், வளைவிலும் சுருக்கமில்லாம உட்காரும். நம்ம டெய்லர் பிளவுஸ் கழுத்துக்கு கிராஸ் பீஸ் வெட்டுறதும் இதுக்குத்தான்.

இப்போ பயாஸ் டேப் மேக்கர் இருக்கு: பட்டையை நுழைச்சா ரெண்டு ஓரமும் மடிஞ்சு வரும், அயர்ன் பண்ணிக்கிட்டே இழுக்கணும். நான் முதல்ல நேர் வாட்டத்தில் வெட்டித் தொலைச்சேன். பை வளைவு முழுக்கச் சுருக்கம், அரை மீட்டர் காலி. கூப்பன் எண்ணாம இன்னொரு அரை மீட்டர் வாங்கிட்டு வந்தேன்.