போர்க்காலச் சட்டமும் நீதிபதியின் பொறுப்பும்: மட்டக்களப்பு வழக்கொன்றை முன்வைத்து

போர்க்காலத்தில் நீதிமன்றங்கள் குடிமக்களைக் காக்கத் தவறியது ஏன் என்று கேட்டால், சட்டம் நீதிபதிகளின் கைகளைக் கட்டிவிட்டது என்பதே வழமையான விடை. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் நடந்தவற்றை ஆராய்ந்தால் அது பாதி உண்மைதான் என்பது தெரியவரும். சட்டம் பலவற்றைப் பறித்தது. ஆனால், முன்வைக்கப்பட்ட சான்றை நம்புவதா, ஐயுறுவதா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை நீதிபதியிடமே விட்டுவைத்தது. எஞ்சிய அந்த அதிகாரம் எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதைக் கொண்டே அக்கால நீதித்துறையை மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் பறித்தவை

இலங்கையில் தேர்தல்கள் நடந்தன, நாடாளுமன்றம் இயங்கியது. ஆகவே அதனைச் சர்வாதிகார நாடு எனல் பொருந்தாது. எனினும் 1947ஆம் ஆண்டின் பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழான அவசரகால ஒழுங்குவிதிகளும், 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமும் சேர்ந்து, வடக்கு கிழக்கில் கைது, விசாரணை, தடுப்புக்காவல் ஆகிய மூன்றையும் நிறைவேற்றுத்துறையின் கைக்குள் கொண்டுவந்தன.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, அமைச்சரின் உத்தரவால் ஒருவரை 18 மாதங்கள் வரை தடுத்துவைக்க இடமளித்தது. அந்த உத்தரவை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்தலாகாது என்றது 10ஆம் பிரிவு. பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சாட்சியக் கட்டளைச் சட்டம் ஏற்பதில்லை. 16ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைச் சான்றாக்கியது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது எனக் காட்டும் சுமையையும் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், மீதே ஏற்றியது. மூன்றாண்டுகளுக்கெனக் கொண்டுவரப்பட்ட இச்சட்டம் 1982இல் நிரந்தரமானது.

நிவாரணம் தேடும் வழியும் நீண்டது. அடிப்படை உரிமை மனுவைக் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில், அதுவும் ஒரு மாதத்துக்குள், தாக்கல்செய்ய வேண்டும். போர்க்காலத்தில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வாழ்ந்த குடும்பமொன்று மண்முனைத் துறையைக் கடந்து, சோதனைச்சாவடிகளைத் தாண்டி, சட்டத்தரணி ஒருவரைக் கண்டு பேசுவதற்குள்ளேயே அந்த மாதம் முடிந்துவிடக்கூடியதாக இருந்தது.

சிங்கராசா வழக்கு

1993 ஜூலை 16 அதிகாலை நடந்த சுற்றிவளைப்பில் சுமார் 150 தமிழ் ஆண்களுடன் சிங்கராசா என்ற இளைஞர் பிடிக்கப்பட்டுக் கொம்மாதுறை இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கைகளைக் கட்டி மாமரத்தில் தொங்கவிட்டுத் தாக்கினார்கள் என்பது அவரது முறைப்பாடு. அன்று மாலையே மட்டக்களப்புப் பொலிஸாரின் நாசவேலைத் தடுப்புப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டார். டிசம்பரில் ஒப்புதல் வாக்குமூலம் பதிவானது. அவருக்குச் சிங்களம் தெரியாது. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது, பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது. அறையில் இருந்தவர்கள் விசாரணை அதிகாரிகள் இருவர் மட்டுமே, மொழிபெயர்த்தவரும் அவர்களில் ஒருவர்.

இந்த ஒற்றைச் சான்றின் பேரில் 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1999இல் அதனை 35 ஆண்டுகளாகக் குறைத்தது. 2000 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டு அனுமதியை மறுத்தது.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது நீதிமன்றங்கள் கூறிய காரணம். முதுகிலும் கண்ணிலும் காயத் தழும்புகள் இருந்ததற்கு மருத்துவ அறிக்கை உண்டு. ஆயினும், நீதவான் முன் நிறுத்தப்பட்டபோது சித்திரவதை பற்றி முறையிடாததால் அவர் கூற்று நம்பத்தக்கதன்று என நீதிமன்றங்கள் கருதின. நீதவானிடம் முறையிட்டபின் அவர் திரும்பிப் போக வேண்டிய இடம் அதே பொலிஸ் காவல்தான். ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004 ஜூலையில் இந்த ஊகம் ஏற்கவே முடியாதது எனக் கண்டு, விடுதலையோ மறுவிசாரணையோ அளிக்குமாறு கூறியது. எதிரி மீது சுமையை ஏற்றியது 16ஆம் பிரிவு. ஆனால், மௌனத்தைப் பொய்யாகக் கொள்ளும்படி எந்தப் பிரிவும் கட்டளையிடவில்லை. அது நீதிபதிகளின் சொந்தத் தெரிவு.

குழுவின் முடிவை முன்வைத்துக் கோரப்பட்ட மீளாய்வை, 2006 செப்டெம்பர் 15 அன்று பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஐவர் ஆயம் நிராகரித்தது. அக்குழுவிடம் தனிநபர்கள் முறையிட இடமளிக்கும் விருப்பத்தெரிவு நெறிமுறையில் 1997இல் இலங்கை இணைந்தமை அரசியலமைப்புக்கு முரணானது, உள்நாட்டில் வலுவற்றது என்பதே அதன் தீர்ப்பு.

வேறு வழி இருந்தது

அதே சட்டத்தின் கீழ் வேறு விதமாகவும் தீர்ப்பளிக்க முடிந்தது. 2000ஆம் ஆண்டு வீரவன்ச வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, 10ஆம் பிரிவு இருந்தும் தடுப்பு உத்தரவுகளை ஆராய்ந்தார். சந்தேகநபரை நேரில் காணாமல் விளக்கமறியலில் வைத்தது உரிமை மீறல் என்றார். 1994இல் லீடா வயலட் வழக்கில், காணாமற்போனோரின் உறவினர் கொண்டுவந்த ஆட்கொணர்வு மனுக்களில் பொலிஸாரைப் பொறுப்பாளிகளாக்கியதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்த இதே சரத் என். சில்வாதான். இந்தியாவின் நெருக்கடிநிலையின்போது, 1976இல், ஆட்கொணர்வு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி எச்.ஆர். கன்னா தனித்து மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். அதற்கு விலையாகத் தலைமை நீதிபதி பதவியை இழந்தார். ஆகவே சட்டத்தின் சொற்கள் மட்டும் தீர்ப்பை நிர்ணயிக்கவில்லை.

நாடு உண்மையான ஆயுத அச்சுறுத்தலை எதிர்கொண்டதே என்ற மறுப்பு கனமானது. ஆனால் அச்சுறுத்தல் எவ்வளவு பெரிதோ, உண்மைக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் தேவையும் அவ்வளவு பெரிது. அடித்து வாங்கிய வாக்குமூலம் வழக்கை முடிக்குமேயன்றிக் குற்றவாளியைக் காட்டாது.

ஆணைக்குழுக்களும் மறுகரையும்

அரசு தரப்பினர் குற்றவாளிகளாக நிற்க வேண்டிய இடத்தில், சிங்கராசாவிடம் காட்டப்பட்ட கடுமை காணப்படவில்லை. 1991 ஜூன் 12 அன்று கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பகுதியில் 67 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். நீதிபதி பாலகிட்ணர் தலைமையிலான ஆணைக்குழு, அவர்கள் இருதரப்புச் சமரில் சிக்கி இறக்கவில்லை, படையினரின் பழிவாங்கலுக்குப் பலியானார்கள் எனக் கண்டறிந்தது. ஆனால் வழக்கு இராணுவ நீதிமன்றுக்கே சென்றது. கொலைக் குற்றத்துக்கு ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. உண்மையைக் கண்டறியும் நீதிபதிக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை, தண்டிக்கும் மன்றுக்கோ சுயாதீனம் இல்லை என்ற நிலை இது.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் நிலை மேம்படவில்லை. 1993 முதல் அவர்கள் அமைத்த நீதிமன்றங்கள் காணி, கொடுக்கல்வாங்கல் பிணக்குகளை விரைந்து தீர்த்தன. ஆனால் நீதிபதிகள் இயக்கத்தின் ஆட்கள். இயக்கமே கடத்திய சிறுவனுக்காகத் தாயொருத்தி அந்த மன்றில் இயக்கத்துக்கு எதிராக நீதி பெற வழி இருக்கவில்லை.

முடிவுரை

2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தடுப்புக்காவலை 12 மாதங்களாகக் குறைத்தது. நீதவான் மாதந்தோறும் தடுப்பிடத்துக்குச் செல்ல வேண்டும் என்றது. 16ஆம் பிரிவைத் தொடவில்லை. அப்பிரிவு நீக்கப்பட வேண்டும். நீக்கப்படும்வரை, காவலில் உள்ளவரைப் பொலிஸார் இல்லாத அறையில், அவருடைய மொழியில் விசாரித்து, உடலிற் காயம் உண்டா எனப் பார்த்துப் பதிவுசெய்வது ஒவ்வொரு நீதவானின் கடமை. இதைத் தடுக்கும் சட்டம் 1993இல் மட்டக்களப்பில் இருக்கவில்லை, இன்றும் இல்லை.