வானத்தைத் தொட்டால் நகரமா?

நகரம் என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் என்ன தோன்றுகிறது? பெரும்பாலோருக்கு உயரமான கட்டடங்கள்தான் தோன்றும். பழைய தமிழ்ப் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்துவிட்டான் என்று காட்ட வேண்டுமா? முதலில் சென்ட்ரல் ரயில் நிலையம், அடுத்து அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம். அவ்வளவுதான், பட்டணம் வந்தாயிற்று!

1959-ல் திறக்கப்பட்டபோது அந்த 14 மாடிக் கட்டடம்தான் இந்தியாவிலேயே மிக உயரமானது. இன்று சென்னையிலேயே அதைவிட உயரமான கட்டடங்கள் பல வந்துவிட்டன. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1639-ல் தொடங்கிய ஊர் சென்னை. எல்.ஐ.சி. கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதற்கு 300 வயதைத் தாண்டிவிட்டது. அந்த 300 ஆண்டுகளும் அது நகரமாக இல்லையா என்ன?

அப்படியானால் உயரம்தான் ஓர் ஊரை நகரமாக்குகிறதா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய இரண்டு ஊர்கள் சோழநாட்டிலேயே இருக்கின்றன. ஒன்று தஞ்சாவூர். மற்றொன்று கங்கைகொண்ட சோழபுரம்.

வயல்நாட்டில் உயரம்

காவிரிப் படுகையில் மலை கிடையாது. மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகும் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வயல், வாய்க்கால், தென்னை. நடுவே எங்காவது ஒரு கோபுரம் தலை நீட்டும். அதை வைத்துத்தான் அடுத்த ஊர் வருகிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

அந்தப் பாதையில் உள்ள நன்னிலத்தில் மதுவனேசுவரர் கோயில் ஒரு மாடக்கோயில். அதாவது சன்னதி தரைமட்டத்தில் இல்லாமல், படியேறிப் போகும்படி உயர்ந்த மேடைமேல் இருக்கும். இத்தகைய மாடக்கோயில்களைக் கட்டியவன் கோச்செங்கட்சோழன் என்பது மரபு. யானை ஏற முடியாதபடி கட்டினான் என்று கதையும் சொல்வார்கள். கதை எப்படியோ, தட்டையான நாட்டில் கொஞ்சம் உயர்த்தினாலே போதும், ஊருக்கு ஓர் அடையாளம் வந்துவிடும்.

கொஞ்சம் உயர்த்தினாலே போதும் என்ற இடத்தில், ராஜராஜ சோழன் ஏறத்தாழ 200 அடி உயர்த்தினான்! 13 நிலை கொண்ட தஞ்சைப் பெரிய கோயில் விமானம். 1010-ல், தன் 25-ஆம் ஆட்சியாண்டில், விமானத்தின் உச்சியில் வைக்கக் கலசம் கொடுத்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. பக்கத்தில் மலையே இல்லாத ஊரில், வெளியூரிலிருந்து கருங்கல்லைக் கொண்டுவந்து எழுப்பிய கட்டடம் இது. அன்றைய உழவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒரு பேச்சு பல காலமாக உண்டு. உண்மையில் நிழல் விழுகிறது. மாலை நேரத்தில் போனால் யாரும் பார்க்கலாம். ஆனால் விமானத்தைவிட வியப்பான ஒரு விஷயம் அதற்குக் கீழே, கோயில் சுவரிலேயே இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை.

சுவரில் ஒரு முகவரிப் பட்டியல்

கோயில் கட்டி முடித்தால் போதாது, அதில் வேலை செய்ய ஆட்கள் வேண்டும் அல்லவா? ராஜராஜன் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து 400 ஆடல்மகளிரை வரவழைத்துத் தஞ்சையில் குடியேற்றினான். திருவாரூர், திருவையாறு, பழையாறை, திருவிடைமருதூர் என்று பல ஊர்க்காரர்கள். கோயிலைச் சுற்றி இருந்த தளிச்சேரித் தெருக்களில் அவர்களுக்கு வீடு ஒதுக்கினான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அதில் இருப்பவர் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று 400 பேருக்கும் தனித்தனியாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான்! ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல்.

பட்டியல் அதோடு நிற்கவில்லை. பாடுவோர், கொட்டுவோர், கணக்கு எழுதுவோர், குடை பிடிப்போர், விளக்கு ஏற்றுவோர், தண்ணீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர், தட்டார் என்று நீள்கிறது. விமானத்தை எழுப்பிய சிற்பிக்கு "ராஜராஜப் பெருந்தச்சன்" என்று பட்டம். முடி திருத்தியவருக்கு "ராஜராஜப் பெருநாவிசன்" என்று பட்டம். இருவர் பெயரோடும் ஒரே மன்னன் பெயர்!

இன்னொரு விதியும் அதே கல்வெட்டில் இருக்கிறது. பங்கு பெறுபவர் இறந்துவிட்டாலோ, ஊரைவிட்டுப் போய்விட்டாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். உறவினருக்கு அந்தத் தகுதி இல்லை என்றால் தகுதி உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதாவது, இன்றைக்கு இருப்பவர் நாளைக்கு இல்லாமல் போனாலும் அந்த வீடு காலியாகக் கிடக்கக்கூடாது.

அதே கோயில் கல்வெட்டுகளில் அன்றைய தஞ்சையின் தெருப் பெயர்களும் கிடைக்கின்றன. வில்லிகள் தெரு, ஆனைக்கடுவார் தெரு, மடைப்பள்ளித் தெரு, சாலியத் தெரு... வில் வீரர்கள், யானைப் பாகர்கள், சமையற்காரர்கள், நெசவாளர்கள். திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்று ஒரு கடைவீதியும் இருந்தது. விமானத்தை அண்ணாந்து பார்த்தால் தெரியாத தஞ்சாவூர் இந்தப் பெயர்களில் தெரிகிறது.

கோபுரம் மிஞ்சியது, ஊர் போயிற்று

இனி இரண்டாவது ஊருக்கு வருவோம். ராஜராஜனின் மகன் ராஜேந்திரன், கங்கை வரை படை அனுப்பி வென்ற பிறகு, 1025 வாக்கில் தலைநகரைத் தஞ்சையிலிருந்து மாற்றினான். தஞ்சைக்கு வடகிழக்கே சுமார் 70 கி.மீ. தூரத்தில், கொள்ளிடத்துக்கு அக்கரையில் கங்கைகொண்ட சோழபுரம் உருவானது. கோட்டை, அரண்மனை, தந்தை கட்டியதைவிடச் சற்றே உயரம் குறைந்த ஒரு விமானம், சோழகங்கம் என்ற மாபெரும் ஏரி. அந்த ஏரியை நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வர்ணிக்கிறது.

ஏறத்தாழ 250 ஆண்டுகள் அது சோழர் தலைநகர். 1279-ஓடு சோழர் ஆட்சி முடிந்தது. அதன்பின் அந்த ஊரைத் தலைநகராக்க யாரும் வரவில்லை. ஏரி தூர்ந்தது. அரண்மனை மண்மேடாகிவிட்டது, மாளிகைமேடு என்ற பெயர் மட்டும் நின்றது. 1980-களிலும் 2021-லிருந்தும் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது செங்கல் சுவர்களும், கூரை ஓடுகளும், சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. சீனத்துப் பாண்டம் வந்து இறங்கிய பெருநகரம் ஒரு கிராமமாகிவிட்டது.

1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, ஊர்மக்கள் தடுத்தும் கேளாமல், கோயிலின் மதிலை உடைத்துக் கல் எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் விமானம் நிற்கிறது. 2004-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மாநகரம் வருகிறது என்றே தோன்றும். கிட்டே போனால் கோயில், புல்வெளி, சில கடைகள்.

தஞ்சை மட்டும் ஏன்?

தஞ்சாவூருக்கும் சோதனை குறைவில்லை. தலைநகர் என்ற பெருமை 1025 வாக்கிலேயே போயிற்று. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் படையெடுத்து வந்து ஊரையே கொளுத்தினான். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நேர்ந்ததைவிட இது குறைந்த அடியா?

இருந்தும் ஊர் திரும்ப எழுந்தது. 1532-ல் நாயக்கர்கள் வந்தபோது தஞ்சையையே தலைநகராக்கினார்கள். அவர்களுக்குப் பின் மராட்டியர். தெலுங்கு பேசியவர்கள், மராத்தி பேசியவர்கள், சௌராஷ்டிர நெசவாளர்கள் என்று ஒவ்வொரு காலத்திலும் புதியவர்கள் குடியேறினார்கள். 1855-ல் மராட்டிய அரசும் முடிந்தது. ஊர் முடியவில்லை. 1860-களின் தொடக்கத்தில் ரயில் வந்தது, 1866-ல் நகராட்சி ஆனது, 2014-ல் மாநகராட்சி ஆனது.

காரணம் பலவாக இருக்கலாம். சுற்றிலும் ஆற்றுப் பாசன வயல், நெல் வந்து சேரும் வழி, கடைவீதி, கைத்தொழில். கங்கைகொண்ட சோழபுரமோ மன்னனை நம்பி எழுந்த ஊர். மன்னன் போனதும் அங்கே தங்க வேண்டிய அவசியம் குறைந்திருக்க வேண்டும். தஞ்சையில் ஒரு மன்னன் போனாலும் வில்லிகள் தெருவில் யாரோ ஒருவர் விளக்கேற்றிக்கொண்டிருந்தார். வில் போயிருக்கும், தறி வந்திருக்கும். வீடு காலியாகவில்லை!

இப்போது வளரும் ஊர்கள்

இன்று பெரிய கோயிலுக்கு 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்ப 2010-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடை போட்டிருக்கிறது. விமானம் மறைந்துவிடக்கூடாது என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் உயரத்தைக் காப்பாற்ற இருக்கும் அக்கறை, கீழே உள்ள தெருக்களைக் காப்பாற்றவும் இருக்க வேண்டாமா?

டெல்டாவில் எந்தச் சாலையில் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நேற்று வரை வயலாக இருந்த இடத்தில் ஒரு பெரிய நுழைவு வளைவு, மேலே ஏதோ ஒரு "நகர்" என்று பெயர், உள்ளே வெள்ளையடித்த மனைக்கற்கள். கோபுரம் முதலிலேயே வந்துவிட்டது, ஊர் இன்னும் வரவில்லை. அங்கே தண்ணீர் எங்கிருந்து வரும்? துணி வெளுப்பவரும் முடி திருத்துபவரும் பால் ஊற்றுபவரும் எங்கே குடியிருப்பார்கள்? ஒருவர் போய்விட்டால் அந்த இடத்துக்கு அடுத்தவர் வருவாரா?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்விகளுக்கு வீட்டு வரிசை போட்டுப் பதில் எழுதி வைத்தார்கள். அடுத்த முறை பெரிய கோயிலுக்குப் போனால் விமானத்தை அண்ணாந்து பார்த்து முடித்ததும், கொஞ்சம் கீழேயும் பாருங்கள். அந்த எழுத்துகள் கை எட்டும் உயரத்தில்தான் இருக்கின்றன.