ஓலைப்பெட்டிக்கு மரம் ஏற ஆள் வேணும்

ஓலைப்பெட்டி முடையக் கத்துக்கிட்டு இருக்கேன்னு சொன்னா, சென்னை நண்பர்கள் உடனே, "பிளாஸ்டிக் வந்துதானே அந்தத் தொழில் போச்சு?" என்று கேட்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி பனைமரத்து உச்சியில இருக்கு.

ஓலை நமக்குப் புதுசா என்ன? உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையைச் சொல்கின்றன. ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்க, பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். சங்கப் பாட்டெல்லாம் ஓலைச்சுவடியில்தான் நம்ம கைக்கு வந்து சேர்ந்துச்சு. எங்க தூத்துக்குடிப் பக்கம் விதை வைக்கப் பெட்டி, எரு அள்ளக் கடகம், புடைக்கச் சுளகு, கருப்பட்டிக்குக் கொட்டான் என்று எல்லாமே ஓலைதான்.

பெட்டி முடைய முத்தின ஓலை சரிப்படாது, ஒடிஞ்சிரும். விரியாத குருத்தோலை வேணும். அதுக்கு மரம் ஏறணும். பதநீர்க் காலத்தில் பனையேறி தினமும் காலையும் மாலையும் பாளை சீவ ஏறுவார். போனவர் அப்படியே ஓலையும் வெட்டிப் போடுவார். வீட்டுப் பெண்கள் அதை முடைவார்கள். ஒரே மரத்தில் ரெண்டு வருமானம்.

இந்தச் சங்கிலி மேலேயிருந்துதான் அறுந்தது. 1987-ல் கள்ளுக்குத் தடை வந்தது. உயிரைப் பணயம் வைக்கிற வேலை, கூலியும் கம்மி. பனையேறிகளின் பிள்ளைகள் வேற தொழிலுக்குப் போயிட்டாங்க. ஏற ஆளில்லாத மரம் செங்கல் சூளைக்கு விறகாப் போச்சு. 1978-லேயே பனை நம்ம மாநில மரம்! வெட்ட ஆட்சியர் அனுமதி வேணும்னு அரசு அறிவிச்சது 2021-ல்தான்.

எனக்குக் கத்துக்கொடுக்கிற பக்கத்து வீட்டு ஆச்சி, "முடையறது பெருசில்ல தம்பி, வாருறதுலதான் இருக்கு" என்பார். குருத்தைக் காயவைத்து, ஈர்க்கு எடுத்து, நனைத்து, ஒரே அகலத்தில் வார வேண்டும். அகலம் தப்பினால் மூலை திரும்பும்போது பெட்டி கோணும். அவர் கை அளவுகோல் இல்லாமலே வாருது. எனக்கு இன்னும் அந்தக் கை வரல. ஆனா ஆச்சிக்குக் கவலை நான் இல்லை, அடுத்த வருஷம் குருத்து வெட்ட யார் ஏறுவாங்க என்பதுதான். எங்க ஊரில் இப்போ ஏறுகிறவர் ஒரே ஒருத்தர், அவருக்கும் அறுபதைத் தாண்டியாச்சு.

அதனால ஓலைப்பெட்டி வாங்கும்போது கொஞ்சம் யோசிச்சுப் பேரம் பேசுங்க. அந்த விலையில முடைஞ்சவங்க கூலி மட்டுமில்ல, ஏறினவர் கூலியும் இருக்கு.