1831ஆம் எண் எஞ்சின்

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசல் 1858ல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் "பாரிஸில் பிறந்தவர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார், மீதியைச் சொல்லமாட்டார்! அவர் 1913ல் காலமானார். ஏறக்குறைய 20 வருஷம் கழித்து இங்கிலாந்தில் ஓட்டிப் பார்த்த ஒரு எஞ்சினைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

யார்டில் பெட்டிகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் ஷண்டிங் எஞ்சினின் வேலை. பாதி நேரம் சிக்னலுக்காகச் சும்மா நிற்கும். நீராவி எஞ்சின் என்றால் நிற்கும்போதும் கரி தின்னும். காலையில் வண்டி நகர வேண்டுமானால் பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்ட வேண்டும். டீசலை வேண்டும்போது ஓட்டலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். கரி அள்ளிப்போட ஆளும் தேவையில்லை.

லண்டன் மிட்லண்ட் அண்டு ஸ்காட்டிஷ் ரயில்வே 1932ல் இதைச் சோதித்தது. ஒரு பழைய நீராவி எஞ்சினின் கொதிகலனைக் கழற்றி, அடிச்சட்டத்தையும் சக்கரங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, மேலே 400 குதிரைத்திறன் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். எண் மட்டும் பழைய 1831தான். ஏட்டில் அது "புதுப்பித்த" வண்டி. குமாஸ்தாவாக இருந்த எனக்கு இந்த வித்தை நன்றாகப் புரிகிறது. புதிதாக வாங்குவதைவிடப் பழையதைப் புதுப்பிப்பதாக எழுதினால் கேள்வி குறைவு.

சிக்கல் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்தது. நின்றுகொண்டிருக்கும் நீராவி எஞ்சின் முதல் அசைவிலேயே முழு பலத்தோடு இழுக்கும். டீசலோ முதலில் சுழல வேண்டும், பிறகுதான் இழுக்கும். காருக்குக் கிளட்ச் போதும். பல நூறு டன் சரக்கு வண்டிக்கு அது தாங்காது. 1831ல் எண்ணெயின் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் ஹைட்ராலிக் முறையை வைத்தார்கள். அது சரிப்பட்டு வரவில்லை.

இதற்குள் வேறு வண்டிகளில் டீசலால் மின்சாரம் உண்டாக்கி, அந்த மின்சாரத்தால் சக்கரத்தை ஓட்டும் முறை வெற்றி பெற்றுவிட்டது. அந்த வழியில் வந்ததுதான் பிரிட்டிஷ் ரயில்வேயின் 08 வகை. 1952 முதல் 1962 வரை 996 வண்டிகள் செய்தார்கள்.

1831ஐத் தோல்வி என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ஷண்டிங்கில்தான் டீசல் முதலில் பயன்படும் என்று கம்பெனி போட்ட கணக்கு சரிதான். 1939ல் அதை ஓட்டத்திலிருந்து எடுத்தார்கள். ஆனால் உடைக்கவில்லை. போர் நடந்த 1940ல் அதை நடமாடும் மின்நிலையமாக மாற்றி, 3ஆம் எண் கொடுத்து, ரயில்வேக்கு மின்சாரம் தர அனுப்பினார்கள்.