நாலாவது மலை

புதுச்சேரியிலிருந்து செஞ்சிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். காலையில் வேன் ஏறினால் கடற்கரை, பெரிய வாய்க்கால், அரிக்கமேடு பார்த்துவிட்டுத் திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்குப் போய், பொழுது சாய ஊர் திரும்பிவிடலாம். கைடு உண்டு. மத்தியானச் சாப்பாடு உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் இராணுவ நிலக்காட்சி என்ற பெயரில் 12 கோட்டைகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். இனி வேன்கள் பெருகும், கைடுகள் பெருகுவார்கள், சொல்லப்படும் வரலாறும் இறுகிப்போகும். அது இறுகுமுன் சில கேள்விகளைக் கேட்டு வைப்பது நம்முடைய வேலை.

சுற்றுலாதானே, இதில் என்ன அரசியல் என்று தோழர்கள் சிலர் நினைக்கலாம். பாடப்புத்தகத்தில் படித்தது பரீட்சையோடு போய்விடும். மலையடிவாரத்தில் நின்று கேட்ட கதை போகாது. வண்டி எங்கே நிற்கிறது, எங்கே நிற்காமல் போகிறது, கைடின் கை எந்தத் திசையில் நீள்கிறது என்பதிலேயே யாருடைய வரலாறு வரலாறாகும் என்பது தீர்மானமாகிவிடுகிறது. கை நீளாத திசை குறித்துத்தான் இந்தக் கட்டுரை.

கடற்கரையிலிருந்தே தொடங்குவோம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் 8 கருங்கல் தூண்களைப் பார்க்காத புதுச்சேரிக்காரர் கிடையாது. செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக் கொண்டுவந்தவை என்று அவற்றைச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் துய்ப்ளெக்ஸ் சிலைக்கு அழகு சேர்த்த தூண்கள், இன்று காந்திக்கு அழகு சேர்க்கின்றன. ஆள்கிறவர் மாற மாற நடுவில் நிற்கும் ஆள் மாறுகிறார், தூண் அப்படியே நிற்கிறது. "நாயக்கர் கட்டினார், பிரெஞ்சுக்காரன் பெயர்த்தான்" என்று இரண்டே எழுவாயில் கதை முடிந்துவிடுகிறது.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் மூன்றாம் வேற்றுமை நடத்தும்போது இரண்டு கருத்தாக்களைச் சொல்லிக் கொடுப்பார்கள். அரசனால் கோயில் கட்டப்பட்டது என்றால் அரசன் ஏவுதல் கருத்தா. தச்சனால் கட்டப்பட்டது என்றால் தச்சன் இயற்றுதல் கருத்தா. ஏவியவன் வேறு, செய்தவன் வேறு என்று இலக்கணம் நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரித்து வைத்துவிட்டது. நம் வரலாற்றுப் புத்தகங்களுக்கு அந்தப் பாடம் மட்டும் ஏறவே இல்லை. அவற்றில் ஏவியவனே செய்தவன். செஞ்சியிலே கல்லை உடைத்தது எந்தக் கை? வண்டி இறங்காத இடத்தில் தோள் கொடுத்தது எவன்? 70 கிலோமீட்டர் தூரத்துக்குத் தூண் தானாகவா நடந்து வந்துச்சு?

பெரிய வாய்க்காலுக்கு வண்டி வருகிறது. கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கருப்பு நகரம் என்று கைடு கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிறார். அவருக்கு ஊர் ரெண்டு. நமக்கு மூணு. மூன்றாவது ஊரின் பெயர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே இருக்கிறது. பெரிய பறச்சேரி.

1745 அக்டோபரில் நடந்த ஒரு சம்பவத்தைப் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். சம்பா கோயிலுக்குள் வடக்குப் பக்கமாக ஒரு சுவர் இருந்தது. சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர்களையும் பிரிக்கிற சுவர். பெரிய பறச்சேரி ஜனங்களும், தோட்டிகளும், வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவர்களும் ஒன்றுகூடிப் பாதிரியாரிடம் போய் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் சீஷர்கள் என்றால் நடுவிலே இந்தச் சுவர் எதற்கு என்பதே அவர்கள் கேள்வி. சுவர் இடிபட்டது.

ஒவ்வொரு ஜூலை 14 அன்றும் புதுச்சேரியில் பிரெஞ்சுப் புரட்சியைக் கொண்டாடுகிறார்கள். பாரிஸ் மக்கள் பஸ்தீய் சிறையைத் தாக்கியது 1789இல். புதுச்சேரிச் சேரி மக்கள் கோயிலுக்குள் இருந்த சுவரை இடிக்க வைத்தது அதற்கு 44 வருஷம் முந்தி. சமத்துவத்தைப் பிரான்சிலிருந்து கப்பலில் இறக்குமதி செய்து நமக்குக் கொடுத்தார்கள் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். இலக்கணப்படியும் பார்க்கட்டும். அந்த ஒரு வாக்கியத்தில் ஏவுதல் கருத்தா நாம்தான். அந்தச் சுவர் இருந்த கதையைச் சொல்ல எந்தச் சுற்றுலா வண்டியும் நிற்பதில்லை.

அதே நாட்குறிப்பில் 1743ஆம் வருஷத்துச் செய்தி ஒன்றும் உண்டு. வேலை தருகிறோம் என்று ஏமாற்றியும் கடத்தியும் ஆட்களைப் பிடித்து, அடைத்து வைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றிய செய்தி. போர்போன் என்று அன்று சொன்ன ரியூனியனுக்கும், ஈல் த பிரான்ஸ் என்று சொன்ன மொரீசியசுக்கும் பிரெஞ்சு இந்தியாவிலிருந்து அடிமைகள் போனார்கள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை 1848இல் ஒழிந்ததும் ஒப்பந்தக் கூலி வந்தது. 1853இல் ஒரேலி என்ற கப்பல் மர்த்தினிக் தீவுக்கும், 1854இல் அதே கப்பல் குவாதலூப் தீவுக்கும் முதல் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. கடற்கரைச் சாலையில் நின்று காற்று வாங்கச் சொல்லும் கைடு, இந்தக் கரையிலிருந்து யார் யார் திரும்பி வராமல் போனார்கள் என்றும் சேர்த்துச் சொல்லலாம். காற்று ஒன்றும் குறைந்துவிடாது.

அடுத்து அரிக்கமேடு. அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் மாந்தோப்புக்குள் வண்டி நிற்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார், 1947 தொடங்கி கசால் தோண்டினார், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தோண்டினார் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். ரோமானிய மதுச்சாடி, இத்தாலியச் சிவப்புக் கிண்ணம், அகஸ்டஸ் தலை செதுக்கிய கல். இவர்களுக்கு முந்தி 1930களில் ழூவோ துப்ராய் இங்கே மணிகளையும் கற்களையும் சேகரித்தார். எப்படிச் சேகரித்தார்? அந்த ஊர்ப் பிள்ளைகள் மண்ணில் பொறுக்கி வைத்திருந்ததைக் காசு கொடுத்து வாங்கினார். மழை பெய்து மண் கரைந்தால் மணி மேலே வரும் என்று தெரிந்த பிள்ளைகள் பெயரில்லாமல் போனார்கள், வாங்கியவர் கண்டுபிடித்தவரானார். மேட்டில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமியில் கீறிய ஆள் பெயர்கள் இருக்கின்றன. 2000 வருஷத்துக்கு முந்தி இந்த மண்ணில் புழங்கியவர்கள் பானையில் தம் பெயரைத் தாமே கீறியிருக்கிறார்கள். கைடுக்கு ரோம் தெரிகிறது, பானை தெரியவில்லை.

மத்தியானம் செஞ்சி. அழகில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாறாங்கல்லை அள்ளிக் கொட்டியது போல ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். நடுவே பள்ளத்தாக்காய் விரியும் கீழ்க்கோட்டை. மூன்று மலையையும் இணைத்து ஓடும் மதில் 13 கிலோமீட்டர். சுமார் 800 அடி உயர ராஜகிரியில் ஏறி நின்றால் கல்யாண மகால், நெற்களஞ்சியம், குதிரை லாயம், குளங்கள், வெங்கட்ரமணர் கோயில் எல்லாம் காலடியில் கிடக்கும்.

கதை ஓடுகிறது. கோனார்கள், நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி, 8 வருஷ முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயர், 1714இல் போரில் மடிந்த இளைஞன் தேசிங்கு, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். தேசிங்கு கதை வந்ததும் கைடுக்குக் குரல் ஏறும், கூட்டத்துக்குக் கண் கலங்கும். அவன் ஏறிய குதிரைக்குக்கூடப் பாட்டிலே பெயர் உண்டு. அதற்குச் சேணம் தைத்தவனுக்குப் பெயர் இல்லை.

செஞ்சியில் மலை மூணு இல்லை, நாலு. நாலாவது, சிறியது. அதற்கும் காவல் அரண் உண்டு. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். இந்துஸ்தானியில் சமார் டிக்ரி. கோட்டையைப் பற்றி எழுதிய பழைய நூல்கள் இந்தப் பெயரை மறைக்கவில்லை. சுற்றுலாதான் மறைக்கிறது. மாணவர்களோடு போயிருந்தபோது ஒரு கைடிடம் இதைக் கேட்டேன். "அங்க பாக்குறதுக்கு ஒண்ணும் இல்லைங்க சார்" என்றார். அவர் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு கோட்டைக்குத் தோல் எவ்வளவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். குதிரைக்குச் சேணம், கடிவாள வார். வாளுக்கு உறை. தண்ணீர் சுமக்கத் துருத்தி. கிணற்றில் இறைக்கக் கமலைச் சாலில் கட்டும் தோல். சிப்பாய் காலுக்குச் செருப்பு. படை நகர முரசு. முற்றுகை 8 வருஷம் நீண்டால் இது அத்தனையும் 8 வருஷமும் கிழியும், 8 வருஷமும் தைக்கப்பட வேண்டும். கல் மதில் தானாக நிற்கும், தோல் தானாகத் தைத்துக்கொள்ளாது. சக்கிலியர் இல்லாமல் குதிரைப்படை கிடையாது, குதிரைப்படை இல்லாமல் ராஜா கிடையாது. ஆகவேதான் ராஜாவின் பெயரில் ஒரு மலை, கிருஷ்ணனின் பெயரில் ஒரு மலை, இவர்கள் பெயரில் ஒரு மலை. ஆட்சி மாறி, பேச்சு மாறி, மலைக்குப் புதுப்பெயர் இட்டபோதும் இந்த மலைக்கு அதே அர்த்தத்தை அவர்கள் பாஷையில் பெயர்த்துத்தான் இட முடிந்தது. சமார் என்றாலும் சக்கிலி என்றாலும் ஒன்றுதான். இதைவிடப் பெரிய கல்வெட்டு வேறென்ன வேண்டும்?

தோலுக்கு மதிப்பு உண்டு, தோல் தைத்தவனுக்கு இல்லை என்பது கோட்டைக் காலத்தோடு முடிந்த சங்கதியும் அல்ல. 1873இல் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியப் பூட்ஸ் அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். தடுத்தார்கள். பாரிஸ் வரைக்கும் போய் வென்றார். வேளாளர் ஒருவர் பூட்ஸ் போடும் உரிமைக்கு வரலாற்றில் இடம் கிடைத்துவிட்டது. நல்லதுதான், சந்தோஷம். செருப்பைத் தைத்துக் கொடுத்துவிட்டு, ஊர்த்தெருவில் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தவர்களின் வழக்கை எந்தக் கோர்ட்டுக்கு எடுத்துப் போவது?

இங்கே ஒரு சிக்கலைத் தாண்டிப் போக முடியாது. அந்தப் பெயர் வசவாகவும் இருக்கிறது. இன்று அருந்ததியர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் மக்களைப் பார்த்து ஒருவன் அந்தச் சொல்லைச் சொன்னால் அது வன்கொடுமை. 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். சாதிப் பெயர் கொண்ட தெருக்களின் பெயரை மாற்றவும் அதே வருஷம் அரசாணை வந்தது. வேண்டியதுதான். ஆள் வாழும் தெருவில் அந்தப் பெயர் இருந்தால் வேலைக்கு மனுப் போடுகிற பிள்ளையின் முகவரியிலேயே தீண்டாமை ஏறிவிடுகிறது.

மலையின் சங்கதி வேறு. அங்கே முகவரி எழுத யாரும் இல்லை. அங்கே பெயரை அழித்தால் இழிவு போகாது, சான்றுதான் போகும். சேரியில் பெயர் மாற வேண்டும், மலையில் பெயர் விளங்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படி விளக்குகிற பலகையை அருந்ததியர்கள் எழுத வேண்டும், அவர்கள் பார்த்து ஒப்பாத ஒரு சொல்லும் அதில் இருக்கக் கூடாது. அழகுபடுத்துகிறோம் என்ற பேரில் யாராவது ஒருநாள் அந்த மலைக்குப் புதுசாய் ஒரு தேவலோகப் பெயர் சூட்டிவிட்டுப் போனால், 13 கிலோமீட்டர் மதிலுக்குள் நாம் இருந்ததற்கான அந்த ஒரே பெயரும் போயிற்று.

இன்னொன்று. இது சாதி இந்துக்களின் வரலாற்றுக்கு மட்டும் உள்ள நோய் என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துப் போக முடியாது. தலித் வரலாறு என்று பேசும்போதும் பறையர் ஒரு மலை, பள்ளர் ஒரு மலை, அருந்ததியர் நாலாவது மலை என்கிற நிலை இருக்கிறது. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமானபோது நம் பக்கத்திலிருந்தே எத்தனை குரல் எதிர்ப்பாக எழுந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும் என்று சொன்னபோதும் அதே குரல்கள் கேட்டன. கைடு கை நீட்டாத மலைக்கு நாமும் கை நீட்டவில்லை என்றால் அவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். செஞ்சி வட்டாரத்துச் சேரிப் பிள்ளைகள், குறிப்பாக அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள், கைடு வேலைக்குப் பயிற்சி பெற்று உள்ளே வர வேண்டும். மலை அவர்களுக்குத் தெரியும், பலகையும் அனுமதியும்தான் தேவை. தொல்லியல் துறை வைக்கும் கோட்டை வரைபடத்தில் நாலு மலையும் இருக்க வேண்டும். புதுச்சேரியில் வெள்ளை நகரம், கருப்பு நகரம் என்று நடத்துகிற நடைபயணத்தில் மூன்றாவது ஊரையும் 1745ஐயும் சேர்க்க வேண்டும். இவற்றுக்கு மனுப் போடலாம், போராடலாம், அதற்கு நாள் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. செஞ்சிக்குப் போகிற தோழர்கள், மாணவர்கள், கீழ்க்கோட்டையில் நிற்கும்போது கைடிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல நாலாவது மலை எதுங்க?" நாலு வண்டிக்காரர்கள் கேட்டுவிட்டால், அஞ்சாவது வண்டிக்கு யாரும் கேட்காமலே அவர் கை அந்தப் பக்கம் நீளும்.