நிழற்படக் கருவியும் தோட்டத்துக் குரல்களும்

2008 ஆகஸ்டில் அறிமுகமான நிக்கோன் டி90, காணொளியும் பதிவுசெய்த முதல் எஸ்.எல்.ஆர். வகை நிழற்படக் கருவியாகும். அடுத்த மாதமே கேனன் 5டி மார்க் 2 முழு உயர்தெளிவுக் காணொளியுடன் அறிவிக்கப்பட்டது.

எனினும், நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நான் கண்ட கலைஞர்கள் பலர், திருவிழாவிலும் திருமணத்திலும் நிழற்படம் மட்டுமே எடுத்தனர். காணொளிக்கு வேறோர் ஆள் வருவார். காரணமும் உண்டு. டி90 கருவியில் ஓர் உயர்தெளிவுப் பதிவு ஐந்து நிமிடமே நீளும். பதிவாகும்போது குவியத்தைக் கையால்தான் திருத்த வேண்டும்.

இதற்கிடையே ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. லயங்கள் பல மறைந்தன. பால்மரம் வெட்டியோரின் முகங்கள் படங்களில் எஞ்சின. அவர்தம் பேச்சும் தாலாட்டும் எஞ்சவில்லை.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! இன்று நம் கைப்பேசியே இரண்டையும் செய்யும். தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியரைப் பேசவைத்து, மாணவர்களைக் கொண்டே பதிவு செய்வோம்.